முப்பத்தாறு தசம் இரண்டு

புலமைப்பரிசில் கடிதம் வந்த அதே கிழமையில் ஊரில் சண்டை முடிந்துவிட்டது என்று சொன்னார்கள். ஒன்ராரியோவில், சென் ஜேம்ஸ் ரவுணில் பதினான்காவது மாடியில் இருந்த எங்கள் அப்பாட்மென்ரில் அன்று பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருந்தார்கள். ரீவி ஓடிக்கொண்டிருந்தது. அம்மா சமையலறை நிலத்தில் குந்தியிருந்து, தன் தங்கையின் இலக்கத்தை மறுபடி மறுபடி அழுத்திக்கொண்டிருந்தார். சித்திரை மாதத்துக்குப் பிறகு அந்த இலக்கத்தில் மணி அடித்ததே இல்லை.

நான் கடிதத்தைக் குளியலறைக்குள் கொண்டுபோய்த் திறந்தேன். பொறியியல் முதலாம் வருடத்துக்கு இடம் கிடைத்திருந்தது. பெண்கள் உதைபந்தாட்ட அணியில் கோல்கீப்பராகச் சேர்ந்தால் படிப்புச் செலவில் பாதியைக் கல்லூரி ஏற்கும். மூன்று நிபந்தனைகள் இருந்தன. சராசரி எழுபதுக்குக் கீழே போகக்கூடாது. பயிற்சிக்கும் ஆட்டத்துக்கும் ஒழுங்காக வரவேண்டும். பருவம் முடிய, அடுத்த வருடத்துக்கும் தரலாம் என்று பயிற்சியாளர் எழுதிக் கொடுக்கவேண்டும்.

அப்பா பிறம்ரனில் ஒரு பெரிய களஞ்சியத்தில் வேலை செய்தார். விடிய முன்னரே போய்ப் பின்னேரம் வருவார். அன்று அவர் வந்து சப்பாத்தைக் கழற்றும்போது கதவடியிலேயே கடிதத்தைக் கொடுத்தேன். நின்றபடி இரண்டு தரம் வாசித்தார்.

"நல்லது பிள்ளை," என்றார். பிறகு சமையலறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அம்மாவுக்கு இப்ப சொல்லாதை. பாவம், சந்தோசப்படவேண்டி வந்திடும்."

ஆனி மாதத்தில் சின்னம்மா கிடைத்தார். வவுனியாப் பக்கத்து முகாம் ஒன்றிலிருந்து, யாரோ ஒருவருடைய ஃபோனில், இரண்டு நிமிடம் கதைத்தார். அவரும் மகனும் சின்ன மகளும் கூடாரத்தில் இருக்கிறார்கள். சித்தப்பாவைச் சோதனைச்சாவடியில் வேறு வரிசையில் விட்டார்களாம். அதற்குப் பிறகு காணவில்லை. அன்றிலிருந்து வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ, எங்களுக்குக் காலை ஏழரை ஆகும்போது ஃபோன் அடிக்கும். அங்கே அப்போது பின்னேரம். அம்மா உடனே எடுக்கமாட்டார். மூன்றாவது மணிக்குத்தான் எடுப்பார். அதுவரைக்கும் நாங்கள் மூவரும் ஆளுக்கொரு இடத்தில் அசையாமல் நிற்போம். அப்பா வேலைக்குப் போயிருந்தால் நானும் அம்மாவும்.

அந்த ஃபோனைக் கேட்டுவிட்டுத்தான் நான் கல்லூரிக்குப் போவேன். பயமும் கூடவே வரும். அணியில் என்னைப் பயமில்லாதவள் என்று நினைத்தார்கள், உயரமும் அகன்ற தோளும் கண்டு. உண்மையில் பந்து நடுக்கோட்டைத் தாண்டி எங்கள் பக்கம் வந்தாலே எனக்குக் கால் குளிரும். கோல்கீப்பராக இருப்பதே அந்தக் குளிரோடு நிற்கப் பழகுவதுதான்.

ஆவணி மாதப் பயிற்சி முகாமில் அவளைச் சந்தித்தேன். என்னைப்போல முதலாம் வருடம், பொறியியல், புலமைப்பரிசில். பின்வரிசையில் விளையாடுவாள். ஒன்ராரியோவின் வடக்கில், சுரங்கம் ஒன்றைச் சுற்றி உருவான சிறிய ஊரிலிருந்து வந்திருந்தாள். அவளுடைய அம்மா அங்கே ஒரு பள்ளிக்கூட உணவகத்தில் வேலை. அவர்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் அவள். ஆஸ்துமா இருந்தது. காலுறைக்குள் இன்ஹேலரைச் செருகிக்கொண்டுதான் ஓடுவாள்.

"நான் வடக்கு," என்று முதல் நாள் ஆங்கிலத்தில் சொன்னாள்.

"நானும் வடக்குத்தான்," என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. நான் விளக்கவுமில்லை. ஆனால் அதற்குப் பிறகு பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை அவளுடையதாகிவிட்டது.

வகுப்புகள் தொடங்கியபோது எங்களுக்கு ஒரு செய்முறை வேலை தந்தார்கள். பழைய அளவைக் கருவி ஒன்றை, அந்தக் காலத்துப் பொருட்களை மட்டும் வைத்துச் செய்து, ஆறு கிழமை அதன் அளவை வாசித்து, அறிக்கை எழுதவேண்டும். நானும் அவளும் வெப்பமானியை எடுத்தோம். அப்படிச் சொல்வதுகூடப் பிழை. பாகைகள் கண்டுபிடிக்கப்பட முதல் இருந்த கருவி அது. ஒரு கண்ணாடிக் குடுவை, அதன் கழுத்தில் நீண்ட மெல்லிய குழாய். குடுவை மேலே இருக்கும்படி கவிழ்த்து, குழாயின் நுனியைச் சாயம் கலந்த தண்ணீருக்குள் விடவேண்டும். குடுவையைக் கையால் பொத்தினால் உள்ளே காற்று விரிந்து தண்ணீர் இறங்கும். கையை எடுத்தால் ஏறும். எண் ஒன்றுமில்லை. முன்னதைவிடச் சூடு, முன்னதைவிடக் குளிர், அவ்வளவுதான் அது சொல்லும்.

விரிவுரையாளர் வேகமாகக் கதைக்கிற ஒரு இளம் பெண். நானூறு வருடத்துக்கு முதல் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கருவி செய்தார்கள், ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்று சொன்னார். மாறாத ஒன்றைத் தேடி அலைந்தார்களாம். ஒருவர் வெண்ணெய் உருகும் சூட்டைப் பிடித்தார். இன்னொருவர் ஆழமான நிலவறையின் குளிர் மாறாது என்றார். வேறொருவர் சுகமான மனிதனின் கக்கத்தை எடுத்தார்.

"சுகமான மனிதன் என்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?" என்று என் தோழி கேட்டாள்.

"அவனையே கேட்டிருப்பார்கள்," என்றார் விரிவுரையாளர். வகுப்பு சிரித்தது. அதே வகுப்பில் அவர் இன்னொன்றும் சொன்னார். வெப்பமானி எப்போதும் தன்னுடைய சூட்டைத்தான் சொல்கிறது, நீங்கள் அளக்க நினைப்பதின் சூட்டை அல்ல, இரண்டும் ஒன்றாகும்வரை பொறுத்திருப்பது உங்கள் வேலை. அதை நான் கொப்பியில் எழுதி அடிக்கோடு போட்டேன்.

ஐப்பசியில் நகரத்தைப் பன்றிக்காய்ச்சல் பிடித்தது. சப்வேயில் ஒருவர் இருமினால் மற்றவர்கள் அடுத்த பெட்டிக்கு மாறினார்கள். எங்கள் கட்டடத்து லிஃப்ற்றில் கை துடைக்கிற திரவப் போத்தல் தொங்கியது. தடுப்பூசிக்காகப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சனம் கட்டடங்களைச் சுற்றி வரிசையில் நின்றது. எங்கள் அணியில் ஒரு விதி வந்தது. பயிற்சிக்கோ ஆட்டத்துக்கோ வருகிற ஒவ்வொருவருக்கும் அணியின் மருத்துவ உதவியாளர் நாக்குக்குக் கீழே வெப்பமானி வைத்துப் பார்ப்பார். முப்பத்தேழு தசம் எட்டு அல்லது அதற்கு மேல் என்றால் வீட்டுக்குப் போகவேண்டும். ஏழு நாள் அணிப்பக்கம் வரக்கூடாது.

முதல் கோல்கீப்பர் விரலை முறித்துக்கொண்டாள். இரண்டாமவள் காய்ச்சலோடு போனாள். பருவத்தின் கடைசிச் சனிக்கிழமை ஆட்டத்துக்கு மிச்சம் இருந்தது நான் மட்டும். அந்த ஆட்டத்தில் தோற்காமல் வந்தால் அணி அடுத்த வருடமும் மேல்பிரிவில் நிற்கும்.

"நீ தயாரா?" என்று பயிற்சியாளர் வியாழக்கிழமை கேட்டார். கட்டையான, உறுதியான பெண். ஒரு காலத்தில் நல்ல ஆட்டக்காரி. அதிகம் கதைக்கமாட்டார்.

"ஓம்," என்று தமிழில் சொல்லிவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கு ஃபோன் அடித்தது. அம்மா மூன்றாவது மணிக்கு எடுத்தார். சின்னம்மாவின் குரல் எனக்கும் கேட்டது. அந்த ஃபோனில் எல்லாமே சத்தமாகத்தான் கேட்கும்.

"அக்கா, சின்னவளுக்கு நாலு நாளாய்க் காய்ச்சல். கண்ணைத் திறக்கிறாள் இல்லை. நெருப்பாய்க் கொதிக்குது."

"எத்தினை பாகை?"

"என்னத்தைக் கேக்கிறீங்கள்? இஞ்ச ஆரிட்டை தெர்மாமீற்றர் கிடக்கு? நான் கையை வைச்சுத்தான் பாக்கிறன். இப்ப என்ரை கையும் சுடுது. அவள் கொதிக்கிறாளோ நான் கொதிக்கிறனோ எண்டு எனக்குத் தெரியேல்லை."

"டொக்டரிட்டைக் காட்டினியே?"

"வரிசை. நேற்று முழுக்க நிண்டன். மூடிப்போட்டாங்கள்." அதோடு ஃபோன் நின்றுவிட்டது.

அம்மா ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமலே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளைக்கு ஆறு வயது. நாங்கள் ஒருவரும் அவளை நேரில் பார்த்ததில்லை. "ஒண்டும் ஆகாதம்மா," என்றேன். எனக்கே அது பொய்யாகத்தான் கேட்டது.

சனிக்கிழமை விடிய எழும்பியபோது தொண்டைக்குள் மணல் கொட்டியதுபோல இருந்தது. முழங்கால்கள் நொந்தன. குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு எங்கள் வீட்டு வெப்பமானியை வாய்க்குள் வைத்தேன். முப்பத்தெட்டு தசம் நான்கு. கழுவித் துடைத்து, இருந்த இடத்தில் வைத்தேன். பைப்பைத் திறந்துவிட்டு, சத்தம் கேட்காமல் இருமினேன்.

போகாமல் விட்டால் என்ன நடக்கும் என்று யோசித்தேன். அணியில் வேறு கோல்கீப்பர் இல்லை. பயிற்சியாளர் எழுதிக் கொடுக்கமாட்டார். அடுத்த வருடம் நான் வீட்டில். அம்மா ஏற்கெனவே கிழமைக்கு ஒரு பயத்தைத் தாங்குகிறார். அவர் தலையில் இதையும் வைப்பதா? இப்படித்தான் எனக்கு நானே சொன்னேன். அம்மாவைச் சாட்டிக்கொண்டேன்.

"ஏன் பிள்ளை கண் சிவந்திருக்கு?" என்று அம்மா கேட்டார்.

"நித்திரை இல்லையம்மா."

"எனக்கும்தான்," என்றார். மேலே கேட்கவில்லை.

கல்லூரிக்குப் பக்கத்துக் கோப்பிக் கடையில் பெரிய கோப்பை ஒன்றில் ஐஸ் மட்டும் கேட்டு வாங்கினேன். நடந்தபடியே ஐஸ் கட்டிகளை நாக்குக்குக் கீழே அடக்கினேன். பல் கூசியது. உடம்பு வெளியே நடுங்கியது, உள்ளே கொதித்தது. பஸ்ஸடியில் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். எனக்கு முன்னால் ஏழு பேர். ஒவ்வொருவரும் முன்னுக்கு நகர நகர நான் இன்னொரு கட்டியை வாய்க்குள் போட்டேன். பயிற்சியாளர் பெயர்ப்பட்டியலோடு பஸ் படியடியில் நின்றார். என் கையிலிருந்த கோப்பையை ஒருமுறை பார்த்தார். குளிர்காலம் தொடங்குகிற காலை அது. மற்ற எல்லோருடைய கையிலும் சூடான கோப்பி இருந்தது.

கடைசிக் கட்டியை விழுங்கிவிட்டு வாயைத் திறந்தேன். மருத்துவ உதவியாளர் வெப்பமானியை வைத்தார். அது சத்தம் போடும்வரைக்கும் நான் மூச்சு விட்டேனா என்று தெரியாது.

"முப்பத்தாறு தசம் இரண்டு," என்று படித்தார். "நீ உயிரோடுதான் இருக்கிறாயா?" என்று பகிடியாகக் கேட்டுவிட்டு எழுதிக்கொண்டார்.

"ஏறு," என்றார் பயிற்சியாளர்.

ஆட்டத்தைப் பற்றி எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம் இருக்கிறது. புல் பச்சையாக இல்லாமல் வெள்ளையாகத் தெரிந்தது. கோல் கம்பத்தைப் பிடித்தபோது அதன் குளிர் நன்றாக இருந்தது. ஒரு கோலை விட்டேன், பந்து என் கைக்குக் கீழாகப் போனது. எங்கள் பிள்ளைகள் ஒன்று போட்டார்கள். ஒன்றுக்கு ஒன்று. போதும். எல்லோரும் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தார்கள். நான் விலகப் பார்த்தேன். விடவில்லை.

திரும்பி வரும்போது என் தோழி வழமைபோல என் பக்கத்தில் இருந்தாள். இரண்டு மணித்தியால ஓட்டம். கண்ணாடியில் தலையைச் சாய்த்து நித்திரைபோலக் கிடந்தேன். அவள் தன் போத்தலை அசைத்துப் பார்த்துவிட்டு, என் மடியிலிருந்த போத்தலை எடுத்தாள். நாங்கள் எப்போதும் அப்படித்தான். நான் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் ஏன் என்று கேட்பாள். கேட்டால் முன் இருக்கையில் இருப்பவர்களுக்குக் கேட்கும். அவள் மூடியைத் திறந்து, பாதிக்கு மேல் குடித்து, மூடி, திரும்ப என் மடியில் வைத்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஞாயிறும் திங்களும் படுத்துக் கிடந்தேன். வயிற்றுக்குச் சரியில்லை என்று அணிக்குச் செய்தி அனுப்பினேன். அம்மா மல்லி அவித்துத் தந்தார், நெற்றியில் விபூதி பூசினார், ஃபோனைப் பார்த்தபடியே என் தலையைத் தடவினார். முகாமிலிருந்து அழைப்பு வரவில்லை. புதன்கிழமை எழும்பி வகுப்புக்குப் போனேன். என் தோழி வரவில்லை. என் செய்திகளுக்குப் பதிலும் இல்லை.

வியாழக்கிழமை அணியைக் கூப்பிட்டார்கள். மருத்துவ உதவியாளர் சொன்னார், அவள் செவ்வாய்க்கிழமை மூச்சு விட முடியாமல் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். அதே காய்ச்சல்தான். ஆஸ்துமா இருந்தபடியால் நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவில் மெஷின் வைத்து மூச்சு விடுகிறாள். அவளுடைய தாய் வடக்கிலிருந்து வந்துவிட்டார். பிள்ளைகள் அழுதார்கள். எனக்குக் கண்ணீர் வரவில்லை. பயிற்சியாளர் கடைசியாக எழும்பி, வெளியாட்களோடு ஒருவரும் இதைப்பற்றிக் கதைக்கக்கூடாது என்று மட்டும் சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. எல்லோரையும் பார்த்தார், என்னைத் தவிர.

அன்று ஆய்வுகூடத்துக்குத் தனியே போனேன். கருவியைத் தினமும் வாசிக்கவேண்டும். கொப்பியில் வெள்ளிக்கிழமை வரைக்கும் அவளுடைய எழுத்து, சரிந்து, நெருக்கமாக. அதன் கீழே வெற்றுக் கோடுகள். குழாயில் தண்ணீர் நான்கு விரலளவு இறங்கியிருந்தது. அறை அப்படிச் சூடாக இல்லை. சுவரிலிருந்த நல்ல வெப்பமானி போன கிழமை காட்டிய அதே எண்ணைத்தான் காட்டியது. ஏதோ உடைந்துவிட்டது, நான் தொட்டதெல்லாம் பழுதாகிறது என்று நினைத்தேன். விரிவுரையாளரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"உடையவில்லை," என்றார். "வெளியே புயல் வருகிறது. காற்றழுத்தம் குறைந்திருக்கிறது. இந்தக் கருவி சூட்டையும் காட்டும், அழுத்தத்தையும் காட்டும், எது எது என்று சொல்லாது. முதன்முதல் செய்தவர்களுக்கு இது தெரியாது. பல வருடம் தெரியாமலே நம்பினார்கள்." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "உனக்குச் சுகமில்லையா?"

"சுகம்தான்," என்றேன்.

அடுத்த நாள் பயிற்சியாளரின் அறைக்குப் போனேன். நின்றபடியே சொன்னேன், சனிக்கிழமை எனக்குக் காய்ச்சல் இருந்தது, முப்பத்தெட்டு தசம் நான்கு, ஐஸ் வைத்துக் குறைத்தேன். அவர் எழும்பிப்போய்க் கதவைச் சாத்தினார். திரும்ப வந்து கதிரையில் இருந்தார்.

"எனக்குத் தெரியும்," என்றார். "கோப்பையைப் பார்த்தேன். உன் முகத்தையும் பார்த்தேன்."

நான் காதில் விழுந்ததை நம்பாமல் நின்றேன்.

"எனக்கு வேறு கோல்கீப்பர் இல்லை," என்றார். பிறகு, "நீ இதை இன்னும் யாருக்குச் சொன்னாய்?"

"ஒருவருக்கும் இல்லை."

"அப்படியானால் எனக்கும் நீ சொல்லவில்லை. உன்னுடைய கடிதம் இந்த மாத முடிவில் போகவேண்டும். நல்லதாக எழுதத்தான் யோசித்திருக்கிறேன்." அவர் மிரட்டவில்லை. அவருடைய கை மேசையில் ஒரு பேனையை உருட்டிக்கொண்டிருந்தது, அந்தக் கை நடுங்கியது. என்னைவிட அவர் பயந்திருந்தார். அதைக் கண்டபோது எனக்கு நிலமே இல்லாததுபோல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு உடுப்புத் தோய்க்கக் கட்டடத்தின் அடித்தளத்துக்குப் போனேன். மெஷின்கள் சுற்றுகிற சத்தத்தில் ஒருவருக்கும் கேட்காது. படுக்கை விரிப்பின் ஒரு முனையை அவரும் மறுமுனையை நானும் பிடித்து மடிக்கும்போது எல்லாவற்றையும் சொன்னேன். ஐஸ், போத்தல், பயிற்சியாளர். அவர் மடிப்பதை நிற்பாட்டவில்லை. விரிப்பை நாலாக மடித்துக் கூடைக்குள் வைத்தார்.

"அந்தப் பிள்ளையின்ரை தாய்க்குத் தெரியுமோ?"

"இல்லையப்பா."

"உன்ரை சின்னம்மா அஞ்சு மாசமாய் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறா. அந்த மனுசனுக்கு என்ன நடந்தது எண்டு. தெரிஞ்சவன் எவனோ ஒருத்தன் எங்கையோ இருக்கிறான். வாய் திறக்கிறான் இல்லை." அடுத்த விரிப்பை எடுத்து என்னிடம் ஒரு முனையைத் தந்தார். "அவனுக்கும் வேலை போயிடும், சம்பளம் போயிடும் எண்டு பயம் இருக்கும்தானே."

நான் அழத் தொடங்கினேன்.

"அழாதை. அவள் சாகேல்லை. உடுப்பை மேல வைச்சிட்டு வெளிக்கிடு. நானும் வாறன்."

ஆஸ்பத்திரிக்குத் தெருத் தண்டவாளத்தில் ஓடுகிற ஸ்ரீட்காரில் போனோம். அப்பா களஞ்சிய வேலைக்குப் போடுகிற தடித்த ஜக்கெற்றோடு வந்தார், அவரிடம் வேறு இல்லை. அவள் செத்திருப்பாள், நாங்கள் போய்ச் சேரும்போது சொல்வார்கள் என்று ஒவ்வொரு தரிப்பிலும் நினைத்தேன். இறங்கி ஓடிவிட வேண்டும்போல இருந்தது. அப்பா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், சின்ன வயதில் தெருக் கடக்கும்போது பிடிப்பதுபோல.

அவளுடைய தாய் காத்திருக்கிற அறையில் தனியே இருந்தார். பெரிய உடம்பு, சிவந்த கைகள், முகமூடிக்கு மேலே களைத்த கண்கள். நான் யார் என்று சொன்னதும் எழும்பி, "உன்னைப்பற்றி நிறையச் சொல்லியிருக்கிறாள்," என்றார். அது தாங்க முடியாமல் இருந்தது. நான் நின்ற இடத்திலேயே சொல்லத் தொடங்கினேன். காலையில் பார்த்த எண், ஐஸ், பஸ், போத்தல். பயிற்சியாளரைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. என் ஆங்கிலம் இடையிடையே தடக்கியது, அதற்கு முன் அது ஒருபோதும் தடக்கியதில்லை.

அவர் திரும்பக் கதிரையில் இருந்தார். "எந்த நாள்?" என்று கேட்டார்.

"சனிக்கிழமை."

முகமூடியைக் கீழே இழுத்து, கையால் வாயைத் துடைத்தார். "அவள் வெள்ளிக்கிழமை எனக்கு ஃபோன் எடுத்தாள்," என்றார். "தொண்டை நோகிறது அம்மா, என்ன செய்ய என்று கேட்டாள். ஒரு குளிசையைப் போட்டுக்கொண்டு விளையாடு, கடைசி ஆட்டம்தானே, அந்தப் புலமைப்பரிசில் இல்லாவிட்டால் என்ன செய்வாய் என்று நான்தான் சொன்னேன்."

சுவருக்கு அப்பால் ஏதோ ஒரு மெஷின் சீராகச் சத்தம் போட்டது. அது அவளுடையதா என்று எனக்குத் தெரியாது. அப்பா முன்னுக்கு ஒரு அடி வைத்து, தன் உடைந்த ஆங்கிலத்தில், "என் மகள் பிழை செய்தாள். நாங்கள் மன்னிப்புக் கேட்கிறோம்," என்றார்.

அந்தத் தாய் அப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. "இப்போது நீங்கள் போகவேண்டும்," என்று மட்டும் சொன்னார்.

நானா அவளுக்குக் கொடுத்தேன், அவளா எனக்கு, இல்லை சப்வேயில் இருமிய யாரோவா என்று ஒருபோதும் தெரியவராது. ஆனால் போத்தலை எடுத்தபோது நான் வாயை மூடியிருந்தேன். அதற்குச் சந்தேகம் இல்லை.

திங்கட்கிழமை விளையாட்டு அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். என் காய்ச்சலையும் ஐஸையும் எழுதினேன். பயிற்சியாளர் கண்டதை எழுதவில்லை. அவருடைய நடுங்கிய கை கண்ணுக்குள் நின்றதால் எழுதவில்லை என்று நீண்ட காலம் நம்பியிருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. எழுதினால் என்னை விசாரிப்பார்கள், நான் பொய் சொல்கிறேன் என்பார்கள் என்று பயந்தேன். அவ்வளவுதான். அவர் இன்னும் இரண்டு பருவம் அங்கே இருந்துவிட்டு வேறு இடத்துக்குப் போனார்.

அவள் மெஷினில் கிடந்த ஒன்பது நாட்களும் காலை ஏழரைக்கு நான் ஃபோனுக்குப் பக்கத்தில் நின்றேன். அம்மாவுக்கு ஒரு பயம், எனக்கு இரண்டு. எட்டாவது நாள் சின்னம்மாவின் அழைப்பு வந்தது. காய்ச்சல் தானாக விட்டதாம். பிள்ளை எழும்பி இருந்து கஞ்சி கேட்டதாம். அம்மா அன்றுதான் மூன்று மாதத்துக்குப் பிறகு சிரித்தார். சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தவர், "உனக்கென்ன பிள்ளை?" என்றார். அப்பா அவருக்கு இன்னும் சொல்லியிருக்கவில்லை. நான் சொன்னேன். அவர் சிரித்த முகம் அப்படியே நின்றது. அவர் ஏசவில்லை. "உது எனக்காகச் செய்தனியோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். அதுதான் நான் அவருக்குச் சொன்ன முதல் உண்மை.

ஒன்பதாவது நாள் அவளை மெஷினிலிருந்து எடுத்தார்கள்.

சின்னம்மாவையும் பிள்ளைகளையும் மார்கழியில் வெளியே விட்டார்கள். வவுனியாவில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போனார்கள். சித்தப்பாவைப் பற்றி இன்றுவரை ஒரு செய்தியும் இல்லை.

எனக்கு இரண்டாம் வருடப் புலமைப்பரிசில் கிடைக்கவில்லை. சனி ஞாயிறில் அப்பாவோடு பிறம்ரன் போய்ப் பெட்டி அடுக்கி, நாலு வருடப் படிப்பை ஐந்தரை வருடத்தில் முடித்தேன். மேடையில் பட்டம் வாங்கியபோதும் என் பெயரை நீக்கிவிட்டு யாரோ வேறொருவரைக் கூப்பிடப்போகிறார்கள் என்று பயந்துகொண்டுதான் நடந்தேன்.

அவள் தை மாதத்தில் கல்லூரிக்குத் திரும்பினாள். மெலிந்திருந்தாள். அதற்குப் பிறகு அவள் விளையாடவில்லை. செய்முறை வேலைக்கு வேறு துணை கேட்டு எழுதிக் கொடுத்திருந்தாள், கொடுத்தார்கள். எங்கள் அறிக்கையை நான் தனியே முடித்தேன். வாசிப்புகளின் அட்டவணையில் பாதி அவளுடையது என்பதால் இருவர் பெயரையும் போட்டேன். ஒரு நாள் நடைபாதையில் எதிரெதிரே வந்துவிட்டோம். விலக இடமில்லை.

"அம்மா சொன்னார்," என்றாள் ஆங்கிலத்தில். மாடி ஏறியதில் அவளுக்கு மூச்சு வாங்கியது. "எனக்கும் அன்றைக்குத் தொண்டை நோ இருந்தது. நானும் ஒருவருக்கும் சொல்லவில்லை."

நான் தலையாட்டினேன்.

"நீ சொல்லியிருந்தாலும் ஒருவேளை குடித்திருப்பேன். தாகமாக இருந்தது." இன்ஹேலரை எடுத்து ஒருமுறை இழுத்தாள். அடக்கி வைத்திருந்து மெல்ல விட்டாள். "ஆனால் நீ கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாய். நான் கண்டேன். நீ சொல்லியிருக்கவேண்டும்."

"ஓம்," என்றேன். அந்தச் சொல் அவளுக்குத் தெரியும், அணியில் எல்லோருக்கும் அதற்குள் தெரிந்திருந்தது. அவள் பையைத் தோளில் சரிசெய்துகொண்டு வகுப்புக்குள் போனாள்.